கயிற்றுக்கு அப்பால் இருந்த ஆறு

பிள்ளைக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். சிவத்த ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. இதைக் கைபேசியில் ஒரு மூச்சில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். ஆனால் நான் எப்போது கதைக்கத் தொடங்கினாலும், "அப்பா, பிறகு எடுக்கிறன், ஆக்கள் தண்ணிக்குள்ள இறங்கிட்டினம்" என்று நீ வைத்துவிடுகிறாய். தண்ணீரில் இறங்குகிறவர்களைக் காவல் பார்ப்பது உன் வேலை. கடிதம் என்றால் உன் ஆட்கள் எல்லோரும் கரையேறும் வரைக்கும் காத்திருக்கும். வாசிகசாலையில் எங்களுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிற ரீச்சர், எழுதப் பழகினால் மட்டும் போதாது, யாருக்காவது எழுத வேண்டும் என்றார். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்கவில்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை. மண்டபம், சமையல், மேளம் எல்லாம் சரி. சரியாகாமல் கிடப்பது ஒன்றுதான்: பால் அறுகு யார் வைப்பது. கல்யாணத்தன்று காலையில் பொம்பிளையை இருத்தி, தலையில் பாலும் அறுகும் வைத்து, முதல் செம்புத் தண்ணீரைத் தோய வார்ப்பது தாய்மாமன். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு அண்ணன். உன் கல்யாணத்தைப் பார்ப்பதற்கென்றே கனடாக் குளிரை விட்டுத் தை பிறக்கும் முன்னமே வந்து இறங்கிய மனிதர், உன்னோடு கோபித்துக்கொண்டு, எங்கள் வீட்டை விட்டு மாமியின் ஊரான காரைநகருக்குப் போய் இருந்துவிட்டார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். நீ மன்னிப்புக் கேட்டால் வருவார் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். "வாயால சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்கிறன் அம்மா. விசிலுக்குக் கேட்க மாட்டன்" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு அம்மா உன்னோடு கதைத்த கதை எல்லாம் சாப்பிட்டாயா, படுத்தாயா என்பதோடு நின்றுபோனது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான். ஆனால் நான் நேரே அதற்கு வரப்போவதில்லை. எழுதத் தெரிந்த பிறகு நான் கண்டுபிடித்த சுகம், சுற்றிப் போகலாம் என்பது.

தை மாதம் நாங்கள் உன் குளத்துக்கு வந்த நாள் உனக்கு ஒரு வேலை நாள். எனக்கு அது அப்படி இல்லை. வன்னியில் உனக்காக நேர்ந்த பொங்கலைக் கோயிலில் பொங்கிவிட்டு, வாடகை வானில் சொந்தக்காரரை அடைத்துக்கொண்டு வந்தோம். அதுவரைக்கும் குளம் என்றால் எனக்கு எங்கள் கோயில் கேணியைவிடக் கொஞ்சம் பெரிது, எருமை கிடந்து குளிக்கும், அவ்வளவுதான். குளக்கட்டில் ஏறி நின்றபோது கடலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுகரை தெரியவில்லை. காற்றுக்கு அலை எழும்பி வந்து கல்லில் அடித்தது. தூரத்தில் காடு நீலமாக, இராமேஸ்வரம் பக்கத்து மேகம் போலத் தெரிந்தது. ஆனால் மூக்கில் உப்பு மணம் இல்லை. நான் ஒருவருக்கும் சொல்லாமல் இறங்கிப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தேன். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு கை. அங்கேயும் நல்ல தண்ணீர். "இஞ்சாருங்கோ, சந்தையில மாம்பழம் நறுக்கிப் பாக்கிற மாதிரி ஒவ்வொரு இடமாய்ப் பதம் பாக்கிறியளோ?" என்று அம்மா கேட்டாள். கேட்டவள் தான் என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியும். வானில் கிடந்த இரண்டு தண்ணீர்க் கானையும் எடுத்து நிரப்பினாள். எங்கள் தீவில், இறுப்பிட்டியில், தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் படலையடியில் வாளி அடுக்கி வைத்து, அரிசி கழுவிய தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்றி வாழ்ந்தவள், இத்தனை தண்ணீரைக் கண்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவாளா?

அந்தத் தண்ணீரை நீ ஆள்கிற விதத்தையும் அன்றுதான் பார்த்தேன். குளிக்கிற இடம் வேறு, வள்ளம் ஓடுகிற இடம் வேறு, மீன்பிடிகாரரின் வலைக்கு வேறு. வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசடியில் கீழே இழுவை இருக்கும் என்று அங்கே ஒரு மனிதரும் கிட்டப் போகாதபடி வேலி. வள்ளத்தில் ஏறுகிறவர்கள் போடுகிற மிதவை ஜாக்கெட்டுகள் கொட்டிலில் வரிசையாகக் கொளுக்கியில் தொங்கின. ஒரு கொளுக்கி வெறுமையாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் தண்ணீரில் என்று அர்த்தம், எல்லாக் கொளுக்கியும் நிறையாமல் மிஸ் வீட்டுக்குப் போகமாட்டா என்று வள்ளக்காரச் செல்வம் எனக்குச் சொன்னார். மிஸ் என்று அவர் சொன்னது உன்னை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எனக்கு அன்று இன்னொரு கொண்டாட்டமும் இருந்தது. உன் இடம் முழுக்கப் பலகைகள். நான் ஒன்றையும் விடவில்லை. சவர்க்காரம் பாவிக்க வேண்டாம் என்றதை வாசித்தேன். சிறுவரைத் தனியே விட வேண்டாம் என்றதை வாசித்தேன். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற பெரிய பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "கயிற்றுக்கு அப்பால் திடீர் ஆழம், செல்ல வேண்டாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக வாசித்து முடித்தபோது, உன் மாமா கை தட்டினார். "மச்சான், நீர் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள குளம் வத்திப்போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை, அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எழுத்தை நான் வாசித்தேனே தவிர, அது சொன்னதைக் கேட்கவில்லை. பலகை எனக்கு ஏதோ சொல்கிறது என்பதே என் மண்டைக்குள் போகவில்லை. வாசித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் இருந்தது. மாமா அந்தக் கயிற்றை ஒரு கையால் தூக்கி, வேலிப் பொட்டுக்குள் நுழைவது போலக் குனிந்து அந்தப் பக்கம் போனபோது, நான் மறிக்கவில்லை. தீவாருக்குக் குளத்துத் தண்ணீர் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாமாவை நீ வெறும் பிடிவாதக்காரர் என்று நினைக்காதே. அவர் குறிகட்டுவானில் கடலுக்குள் இறங்கி நயினாதீவுக்கு நீந்தினதைக் கண்ணால் கண்டவன் நான். வள்ளத்தில் கூடப் போனவர்களில் ஒருவன். கரையேறிச் சாரத்தைப் பிழிந்து கட்டிக்கொண்டு, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திரும்பியும் நீந்தி வரட்டோ என்று கேட்டார். அப்படிப்பட்டவர். எங்கள் கடலில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நாங்கள் கண்ணை நம்புவதில்லை, காலைத்தான் நம்புவோம். எங்கள் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். வற்று நேரத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. ஆழம் வரப்போகிறது என்றால் காலுக்கு முன்கூட்டியே தெரியும். அதுதான் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "இஞ்ச பாருங்கோ, ரெண்டு காலும் நிலத்தில" என்று அவர் சொன்னபோது, வானில் வந்த நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

நீ விசில் ஊதினாய். அவர் கையைக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நடந்தார். திரும்பவும் ஊதினாய். அப்போது நின்று, உன் பக்கம் திரும்பி, "நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை, நான் நயினாதீவுக்கு நீந்தினவன்" என்று கத்தினார். அதற்குள் செல்வமும் நீயும் வள்ளத்தைக் கொண்டுபோய் அவருக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிறுத்தி, அவரை ஏற்றி, ஒரு ஜாக்கெட்டையும் மாட்டி, சொந்தக்காரரும் ஊராரும் பார்த்திருக்கக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினீர்கள். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுக்குள் அவர் வயிறு அடங்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. அப்போது நீ பலகையைக் காட்டிச் சொன்னாய்: "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாதோ மாமா உங்களுக்கு?"

வானில் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா நிரப்பிய கான்கள் மட்டும் குலுங்கிக்கொண்டு வந்தன. ஆனையிறவு தாண்டும்போது மாமா வாயைத் திறந்தார். "மார்பளவுத் தண்ணிக்குள்ள ரெண்டு காலும் ஊண்டி நிண்டவனை, தாழ்ந்து போனவனைத் தூக்கிற மாதிரித் தூக்கிப் போட்டாள்" என்றார். சாரத்தை உயர்த்திக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நீளத்துக்கு உரஞ்சித் தோல் போயிருந்தது. "உவளின்ர வள்ளம் செய்த வேலை" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் அந்தக் கால் காட்டப்பட்டது. காயம் காய்ந்த பிறகும் காட்டப்பட்டது. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது, பிள்ளை. அவர் நின்றார், நிலம் இருந்தது, தண்ணீர் மார்பளவுதான். என் கண்ணால் பார்த்தது அதுதானே. ஒருவரும் தாழவில்லை. உன் வேலை அப்படிப்பட்டது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒருவன் தாழ்ந்த பிறகு தூக்கினால் ஊரே கும்பிடும். தாழ விடாமல் தடுத்தால், ஒன்றும் நடக்கவில்லை, சும்மா அவமானப்படுத்திவிட்டாள் என்பார்கள். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் சாட்சி சொல்வது?

மண்கும்பான் கடற்கரையில் நீ முதல் வேலைக்கு நின்ற காலம் ஞாபகம் வருகிறது. பொம்பிளைப் பிள்ளை விசிலோடு கடற்கரையில் நிற்கிறாள் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, நானும் ஒருநாள் பார்க்க வந்தேன். நான் வந்தது உனக்குத் தெரியாது. சவுக்கு மரத்தடியில் நின்று பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய சனம், குடித்தவன், குடியாதவன், கைக்குழந்தையோடு வந்தவள், எல்லோரும் தண்ணீரில். நீ ஒருமுறை ஊதினாய். கடலுக்குள் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் உன் பக்கம் திரும்பின. கோயிலில் தீபம் காட்டும்போது திரும்புமே, அது மாதிரி. உன்னோடு கதைக்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். அதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா காரைநகருக்குப் போனபிறகு வீட்டில் இருக்க எனக்கு முடியவில்லை. உன் பக்கம் பேச எனக்குத் தைரியம் இல்லை, அவர் பக்கம் பேச மனம் இல்லை. ஒருநாள் வாசிகசாலைக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உன் குளத்துக்கு வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. எப்படி அப்பா தனிய வந்தனீங்கள் என்று மட்டும் கேட்டாய். சொல்கிறேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று, வருகிற பஸ் எல்லாவற்றின் நெற்றியையும் வாசித்தேன். பருத்தித்துறை, கீரிமலை, மன்னார். எனக்கு வேண்டாத ஊர்களையும் விடாமல் வாசித்தேன். கிளிநொச்சி என்று எழுதிய பஸ் வந்ததும் ஒருவரையும் கேட்காமல் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு நடத்துநரிடம் ஒருமுறை கேட்டேன் என்பது உண்மைதான். அவன் "ஐயா, முன்னால எழுதியிருக்கே" என்றான். ஓம் தம்பி, வாசிச்சனான், சரியோ எண்டு பாத்தனான் என்றேன்.

அதே பஸ் நிலையத்தில் நீ சின்னப் பிள்ளையாக என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எனக்குக் கண் தெளிவில்லை, பலகையை வாசி என்பேன். நீ நம்பி, அப்பாவுக்குக் கண்ணாடி வாங்க வேண்டும் என்று அம்மாவை ஆய்க்கினைப்படுத்தினாய். கொஞ்சம் வளர்ந்ததும் உனக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்னோடு வரும்போது கண்ணில் பட்டது எல்லாவற்றையும் நீயாகவே வாசித்துக்கொண்டு வருவாய். கடைப் பெயர், மருந்துப் போத்தல், சுவரில் ஒட்டிய மரண அறிவித்தல். விளையாட்டுக்கு வாசிக்கிறாள் என்று ஊர் நினைத்தது. நான் கேட்க வேண்டி வரக்கூடாது என்று வாசித்தாய். என்னைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை நீ. அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வாசிக்கத் தெரியாதோ என்று யாரையும் கேட்காதே. வாசிக்கத் தெரியாதவனும் தண்ணீரில் இறங்குவான். அவன் பலகையைக் கண்டால் கிட்டப் போகமாட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான், யாராவது இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில். நான் அப்படித்தான் ஒரு ஆயுள் நடந்தேன். அவனுக்கு ஒரு படம் கீறி வை. நிலத்தில் நிற்கிற கால் ஒன்று, நிலம் இல்லாத கால் ஒன்று. அது போதும்.

நான் வந்த நாள் சனம் வராத நாள். கயிற்றைப் பார்த்துச் சரிசெய்ய வள்ளம் போகிற நாள். மாமா நின்ற இடத்தில் நானும் நின்று பார்க்க வேண்டும் என்றேன். ஏலாது அப்பா, ஒருத்தருக்கும் இல்லை என்றாய். நான் கொட்டிலில் கதிரையைப் போட்டு இருந்தேன். பிடிவாதம் உனக்கு அம்மா வழியால் மட்டும் வரவில்லை. கடைசியில் செல்வம்தான், "மிஸ், ஐயா பாரத்துக்கு வரட்டும், காத்துக்கு வள்ளம் ஆடாது" என்றார். நீ எனக்கு ஜாக்கெட் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறு தலைப்பை உன் கையில் சுற்றிக்கொண்டாய். கயிற்றுக்கு அப்பால் என்னை இறக்கியபோது, விடாதை பிள்ளை என்று நான் சொன்னது உனக்குக் கேட்டது. "விடன் அப்பா. வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ, தண்ணி போகும்" என்றாய்.

இதற்குப் பிறகு நடந்தது உன் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. ஆனால் என் காலுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. முதலில் நிலம் நல்ல நிலம். உழுத வயல் போல மெத்தென்று, தட்டையாக. கால் சொன்னது, போ, பயமில்லை. தண்ணீர் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். பிறகு காலில் ஒரு கட்டை இடித்தது. பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை, ஒரு பக்கம் சரிந்து, உடைந்த முனை கூராக. அதைத் தாண்டிக் காலை வைத்தேன். வைக்க ஒன்றும் இல்லை. பள்ளம் என்று சொல்லமாட்டேன், பள்ளத்துக்கு ஒரு சரிவு இருக்கும். நிலம் முடிந்துபோயிருந்தது. நான் ஜாக்கெட்டில் தொங்கினேன். மேலே தண்ணீர் வெயிலுக்கு இளஞ்சூடு. கணுக்காலுக்குக் கீழே இன்னொரு தண்ணீர், கிணற்றுக்குள் கிடக்கிற குளிர். கடல் என்றால் உப்பு ஒரு கை கொடுத்துத் தாங்கும். இது தாங்கவில்லை. ஜாக்கெட் இல்லாவிட்டால் இந்த நல்ல தண்ணீர் என்னைக் கேட்காமலே உள்ளே எடுத்திருக்கும். நீ ஈயக் குண்டு கட்டிய நூலை என் பக்கத்தில் இறக்கினாய். அது போய்க்கொண்டே இருந்தது. "கீழ ஆறு இருக்கு அப்பா. குளம் கட்ட முதல் ஓடின ஆறு. அந்தக் கட்டை, ஆத்தங்கரையில நிண்ட மருது" என்றாய்.

பிள்ளை, குளத்துக்குள் ஒரு ஆறு. அதன் கரையில் நான் நிற்கிறேன், என் தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே ஒரு காலத்தில் மருது பூத்து, மான் தண்ணீர் குடித்த கரை. ஆறு போகவில்லை. மேலே எவ்வளவு தண்ணீர் வந்து மூடினாலும் தன் இடத்தில் கிடக்கிறது. பயம் வந்ததா என்று கேட்டாய். வந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. கோயிலில் திரை விலகும்போது வருவது.

திரும்பி வரும்போது நீ கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். செல்வம் எனக்கு ஒரு கதை சொன்னார். நீ ஒருநாளும் சொல்லாத கதை. போன புரட்டாதியில் குளம் வற்றி, நடுவில் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். நீ அந்தக் கரை முழுவதும் வெயிலில் நடந்து, ஆறு வளைகிற இடமெல்லாம் தடி நட்டு, அதற்கு உள்பக்கமாகக் கொங்கிறீற்றுக் கட்டை தாட்டு, கயிறும் மிதவையும் காய்ந்த புல்லில் விரித்துப் போட்டாயாம். மாடு மேய்க்க வந்தவர் பார்த்துவிட்டு, "பிள்ளை, மாடு தாழுமெண்டோ கயிறு கட்டுறாய்?" என்று கேட்டாராம். "மாடு தாழாது அண்ணை, அதுக்கு மூளை இருக்கு" என்றாயாம். பிறகு மாரி வந்து, தண்ணீர் ஏற ஏற, அந்த மிதவைகள் ஒவ்வொன்றாகத் தாமே எழும்பி நின்றனவாம். செல்வம் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராத தண்ணீருக்கு, வராத மனிதருக்கு, வெட்டவெளியில் நின்று கயிறு கட்டிய ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று நினைத்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சேட்டு வியர்வையில் நனைந்திருந்தது.

அடுத்த நாளே காரைநகருக்குப் போனேன். ஊர்காவற்றுறையில் அந்தத் தட்டைப் படகில் ஏறிக் கடந்து, மாமி வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மாமா விறாந்தையில் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும், "மன்னிப்புக் கேட்கத் தகப்பனை அனுப்பினவளோ?" என்றார். இல்லை மச்சான், ஒரு ஆறு பாத்தனான், அதைச் சொல்ல வந்தனான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் இருந்து, எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். தட்டை நிலம். கட்டை. கட்டைக்கு அங்கால ஒன்றும் இல்லை. மகளுக்காக நீர் சொல்லுறீர் என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"கட்டை எந்தப் பக்கம் சரிஞ்சு நிக்குது?" என்று கேட்டார்.

இடப் பக்கம் என்றேன். முனை கூராய் உடைந்திருக்கு என்றேன்.

அவர் சாரத்தை மெல்ல உயர்த்தித் தன் காலைப் பார்த்தார். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் காட்டிய அந்தக் காலை, அன்றுதான் அவர் தானே பார்த்தார் என்று நினைக்கிறேன். தழும்பு மட்டும் இருந்தது. அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். மாமி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டா.

"வள்ளத்தில பட்டது எண்டுதான் நினைச்சனான்" என்றார். "காலில ஏதோ இடிச்சது. கல்லாக்கும் எண்டு, தாண்டக் காலைத் தூக்கினனான். அப்பத்தான் ரெண்டாந்தரம் ஊதினவள். எனக்குக் கோபம் வந்திட்டுது. திரும்பி நிண்டு கத்தினனான்." தேத்தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். "நான் கோபிக்கத்தான் நிண்டனான் மச்சான்."

கனடாவில் இருந்து உன்னைத் தோய வார்க்க வந்த மனிதரை, அந்த ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவில் உன் விசில் பிடித்து வைத்திருந்தது. இதை உனக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. இனியும் உன் வேலையில் இப்படி ஒருவர் திரும்பி வந்து சொல்வது அபூர்வம். கயிற்றுக்கு உள்ளே நின்று உன்னைத் திட்டிவிட்டு, ஈரத் தலையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறவர்கள்தான் உனக்குக் கிடைக்கப்போகிற நன்றி. அவர்கள் திட்டும்போது அப்பாவை நினை. அவர்களுக்குத் தெரியாத ஆற்றங்கரையில் நான் நின்றிருக்கிறேன்.

புறப்படும்போது மாமா படலை வரைக்கும் வந்தார். நீரே அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுமன் மச்சான் என்றேன். அவருக்கு வெட்கம். "நீர்தானே இப்ப எழுதப் பழகியிருக்கிறீர், எழுதும்" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பால் அறுகு நான்தான் வைப்பன், வேற ஆரும் கை வைக்கக் கூடாது. தோய வார்க்கேக்க எத்தினை செம்பு போதும் எண்டு அவள் விசில் ஊதட்டும். முதல் ஊதலிலயே நிப்பாட்டுவன் எண்டு சொல்லும்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் நேரே குசினிக்குள் போய், பெரிய செம்பை எடுத்துப் புளி போட்டு மினுக்கத் தொடங்கிவிட்டாள். உன் குளத்தில் அள்ளிவந்த தண்ணீரில் ஒரு கானை இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு செம்பாவது முதலில் உன் தலையில் விழும் என்று நினைக்கிறேன்.

சேலை, நகை எல்லாம் இங்கே இருக்கிறது. நீ வரும்போது விசிலை மறவாமல் கொண்டு வா.

அப்பா